சொந்தக் காரில் லூர்து நகருக்கு

புதிதாகக் கார் வாங்கியவர்கள் அதனை மந்திரித்துத் தரும்படி ஆலய வாசலுக்குக் கொண்டுவருவது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். நானும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தீர்த்தம் தெளித்து, புனித கிறிஸ்தோபர் பதக்கத்தைக் கையில் கொடுத்து, "போய் வாருங்கள்" என்று அனுப்பி வந்திருக்கிறேன். வண்டி எங்கே போகப்போகிறது, அதற்கு என்ன ஆயத்தம் செய்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரெஞ்சு நாட்டுச் சாலையொன்றில் நடந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அவ்வாறு கேட்கும் வழக்கம் எனக்கு உண்டாயிற்று.

என் தங்கையின் மகன் இங்கிலாந்தில் குடியிருக்கிறான். தங்கையும் அவனோடுதான் இருக்கிறாள். முந்திய ஆண்டில் பெரியதோர் அறுவைச் சிகிச்சையிலிருந்து எழுந்தவள், லூர்து அன்னையின் கெபிக்கு வருவதாக நேர்ந்திருந்தாள். விமான நிலையத்தில் நெடுநேரம் நிற்க அவளால் இயலாது. காரில் சென்றால் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னிருக்கையில் காலை நீட்டிக்கொள்ளலாம். ஆகவே மருமகன் தன் சொந்தக் காரிலேயே போவதென்று தீர்மானித்து, என்னையும் துணைக்கு அழைத்தான். மருத்துவமனைப் பணியிலுள்ள அவன் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மருமகன், தங்கை, அவனுடைய ஒன்பது வயது மகள், நான் என நால்வர் புறப்பட்டோம்.

பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் கார் ஓட்டுபவனுக்கு இதில் என்ன ஆயத்தம் வேண்டியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அவன் ஒரு மாதத்துக்கு முன்பே ஒரு குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டான் என்பதை அங்குப் போன பின்னரே அறிந்தேன்.

தாள்களும் விளக்குகளும்

முதலாவது, தாள்கள். பிரிட்டனின் புகைப்பட ஓட்டுநர் உரிமம் பிரெஞ்சு நாட்டிலும் செல்லும். நம் நாட்டு உரிமம் உள்ளவர்கள் வெளிநாட்டில் ஓட்டுவதற்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெறுகிறார்கள். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை ஒட்டியது அது. ஓராண்டுக்கே செல்லும், மூல உரிமத்தையும் உடன் வைத்திருக்க வேண்டும். வண்டியின் பதிவுச் சான்று மூலப்படியாகவே கையில் இருக்க வேண்டும். காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. உள்நாட்டில் முழுப் பாதுகாப்புத் தரும் காப்பீடு, எல்லை தாண்டியதும் பிறருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்பதாகச் சுருங்கிவிடக்கூடும். மருமகன் தன் காப்பீட்டு நிறுவனத்தோடு பேசி, பயண நாள்களுக்கு முழுப் பாதுகாப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டான்.

ஈரான் போன்ற நாடுகளின் வழியே நிலமார்க்கமாகச் சொந்த வண்டியைக் கொண்டு செல்வோருக்கு 'கார்னே' எனப்படும் சுங்க ஏடும் தேவை. "இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுபோவேன்" என்பதற்கு அது பிணை. உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை இல்லாவிட்டால், பிணையாகக் கட்டிய பெருந்தொகைக்கு ஆபத்து. எங்கள் வழியில் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

இரண்டாவது, வண்டி. இங்கிலாந்தில் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்பக்கம் செல்கிறார்கள், பிரான்சில் வலப்பக்கம். இங்கிலாந்துக் காரின் முகப்பு விளக்கைத் தாழ்த்தினால் ஒளி இடது ஓரமாகச் சாயும். அதே விளக்கு பிரெஞ்சுச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஆகவே விளக்கின் கண்ணாடியில் அதற்கென்று விற்கும் வில்லைகளை ஒட்டினான். பின்புறத்தில் நாட்டுக் குறி வேண்டும். 2021 செப்டம்பர் 28 முதல் பழைய 'ஜி.பி.' செல்லாது, 'யு.கே.' என்றே இருக்க வேண்டும். வண்டி பழுதாகி நின்றால் சாலையில் வைப்பதற்குச் சிவப்பு முக்கோணம் ஒன்று வேண்டும். ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டையும் வேண்டும். அச்சட்டை பின்பெட்டியில் இருந்தால் போதாது. இறங்குமுன் அணிந்துகொள்ளும்படி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எண்கள். இங்கிலாந்துக் காரின் வேகமானி மைல் கணக்கில் காட்டும். பிரெஞ்சுச் சாலைப் பலகைகளோ கிலோமீட்டரில் இருக்கும். ஓர் அட்டையில் 130-க்கு 81, 110-க்கு 68, 80-க்கு 50, 50-க்கு 31 என்று எழுதி ஸ்டியரிங் அருகே செருகிவைத்தான். விரைவுச் சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம். மழை பெய்தால் 110. ஊருக்குள் 50.

இடது இருக்கையின் கடமை

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அந்நாட்டில் பொதுவாக முன்னிருக்கையில் அமர்த்தக் கூடாது. தங்கைக்கோ பின்னிருக்கைதான் வசதி. ஆகவே முன்னிருக்கை என் பங்குக்கு வந்தது. "மாமா, இங்கே உட்காருபவர் விருந்தாளி அல்ல" என்றான் மருமகன். வலப்பக்கம் செல்லும் நாட்டில், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே உள்ள வண்டியில், முன்னே செல்லும் லாரியைத் தாண்டுவதற்கு எதிர்ச்சாலை ஓட்டுநருக்குத் தெரியாது. இடது இருக்கையில் இருப்பவருக்கே தெரியும். சுங்கச் சாவடியின் சீட்டுப் பொறியும் அப்பக்கமே இருக்கும். நானே அவனுக்குக் கண்ணும் கையும் ஆனேன். மகளுக்கும் ஒரு வேலை கொடுத்தான். முன்பலகையில் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறியைக் காகிதத்தில் வரைந்து ஒட்டி, "நான் வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் நீ 'ரைட்' என்று சொல்ல வேண்டும்" என்றான். குழந்தைக்குப் பொழுதுபோவதற்கான விளையாட்டு என்றே நான் எண்ணினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமைகளில் பிரெஞ்சு மக்கள் கூட்டங்கூட்டமாக விடுமுறைக்குச் செல்வதால் சாலைகள் நிரம்பிவிடும். எந்த நாளில் நெரிசல் மிகும் என்பதைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறமிட்டு முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். கறுப்பு நாளில் புறப்படாதிருப்பதும் ஆயத்தத்தில் ஒன்றே.

ஃபோக்ஸ்டன் நகரில் காரோடு இரயிலுக்குள் ஏறிவிடுகிறோம். இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனைகளும் அங்கேயே முடிந்துவிடும். 1994-இல் திறந்த அந்தக் கடலடிச் சுரங்கத்தின் வழியே 35 நிமிடங்களில் மறுகரை. இறங்கியதும் நேரே விரைவுச் சாலைதான். மூச்சுவிட இடைவெளி இல்லை. ஆயினும் முதல் நாள் ஒரு தவறும் நேரவில்லை. எங்களைச் சுற்றி எல்லா வண்டிகளும் வலப்பக்கம் ஓடின. நாங்களும் அவற்றோடு ஓடினோம். வட்டச் சந்திப்புகளை எதிர்த்திசையில் சுற்றுவதும், பலகை இல்லாத சந்திகளில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுவதும் மெல்லப் பழகின. ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து "ரைட்" என்ற குரல் தவறாமல் வந்தது. ரூவான், லெ மான் நகரங்களைத் தாண்டி, தூர் நகருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இரவு தங்கினோம்.

அந்தக் காலை

மறுநாள் அதிகாலை, ஊர்ப்புறத்தில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அங்கே 'கசோல்' என்று எழுதியிருப்பது டீசல். பெயரைக் கேட்டுப் பெட்ரோல் என மயங்குவோர் உண்டு. ஆகவே வட்டக் குறிக்குள் இருப்பதே பெட்ரோல், சதுரக் குறிக்குள் இருப்பது டீசல் என்பதைப் பார்த்து நிரப்பினான். அதில் அவன் தவறவில்லை.

நான் காலைச் செபத்தில் ஆழ்ந்திருந்தேன். "போகலாமா மாமா, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றான். தலைநிமிராமலே "உம்" என்றேன். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. அவன் இடப்பக்கம் திரும்பி, இங்கிலாந்தில் செய்வதைப் போலவே இடது ஓரமாகவே சென்றான். பறவைகளின் ஒலியைத் தவிர வேறு ஓசை இல்லை. தவறு நேர்ந்ததென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு வளைவு வந்தது. "அப்பா, ரைட்! ரைட்!" என்று குழந்தை வீறிட்டாள். மருமகன் ஸ்டியரிங்கை ஒடித்தான். பால் ஏற்றிவந்த லாரி ஒன்று ஓலமிட்டுக்கொண்டு எங்கள் இடப்புறத்தை உராய்வதுபோல் கடந்து சென்றது. வண்டியை ஓரமாக நிறுத்தினான். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. தங்கை சிலுவை அடையாளம் வரைந்தாள். அம்புக்குறி எங்கே என்று முன்பலகையைப் பார்த்தேன். அதன்மேல் என் செபநூலின் உறை கிடந்தது. அதை அங்கு வைத்தவன் நானே.

"ஏன் முதலிலேயே சொல்லவில்லை, கண்ணு?" என்று பிறகு மெதுவாகக் கேட்டேன். "சாமி தாத்தா செபம் பண்ணிக்கொண்டிருந்தீர்கள், சத்தம் போடக்கூடாதென்று இருந்தேன்" என்றாள். அந்தப் பதில் இன்றும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது. வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரே ஆளையும் என் பக்தி வாயடைத்திருந்தது.

சுவீடன் நாட்டின் பாடம்

பின்னர் சுவீடன் நாட்டின் வரலாற்றைப் படித்தபோது இந்த நிகழ்ச்சியின் பொருள் எனக்கு விளங்கிற்று. அந்நாட்டில் முன்பு இடப்பக்கமே சென்றார்கள். வலப்பக்கம் மாறலாமா என்று 1955-இல் மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 83 பேர் வேண்டாம் என்றனர். எனினும் 1963-இல் நாடாளுமன்றம் மாற்றத்தைத் தீர்மானித்து, நான்காண்டுகள் ஆயத்தம் செய்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிறு அதிகாலை 4.50-க்குச் சாலையிலிருந்த வண்டிகளெல்லாம் நின்றன. மெல்ல மறுபக்கம் சென்றன. 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. பெருங்குழப்பம் வரும் என்று பலரும் அஞ்சியதற்கு மாறாக, தொடக்கத்தில் விபத்துகள் குறைந்தன. எல்லோரும் விழிப்போடு ஓட்டியதே காரணம். இரண்டாண்டுகளுக்குள் புதுமை பழக்கமாயிற்று; விபத்துகளும் பழைய அளவுக்குத் திரும்பின.

எங்களுக்கும் அப்படியே நேர்ந்தது. நெரிசல் மிக்க விரைவுச் சாலையில் அஞ்சி ஓட்டியபோது ஆபத்து வரவில்லை. வெறிச்சோடிய சாலையில், மனம் அமைதியாக இருந்த வேளையில், பழைய பழக்கம் ஓசையின்றித் திரும்பிவந்தது. தாள்களையும் விளக்குகளையும் ஒருமுறை சரிசெய்தால் போதும். பழக்கத்தையோ, வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திருத்த வேண்டியிருக்கிறது.

அதன்பின் நான் செபநூலை வண்டி நிற்கும்போது மட்டுமே திறந்தேன். போர்தோ, போ நகரங்களைக் கடந்து அன்று மாலை லூர்து நகர் சேர்ந்தோம். இரவு ஒன்பது மணி மெழுகுவர்த்திப் பவனியில் தங்கை எங்கள் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தாள். கெபியின் முன் நான் முதலில் சொன்னது நன்றியும் அன்று, விண்ணப்பமும் அன்று. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் மன்னிப்புச் செபமே என் வாயில் வந்தது.

இப்போது யாரேனும் கார் மந்திரிக்கக் கொண்டுவந்தால், தீர்த்தச் செம்பை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கிறேன். தாள்கள் செல்லுபடியாகின்றனவா? டயரிலும் விளக்கிலும் குறையில்லையா? பக்கத்தில் அமருபவர் யார், தவறு கண்டால் உரக்கச் சொல்ல அவருக்கு உரிமை கொடுத்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சிலர் சிரிக்கிறார்கள். பின்னிருக்கையில் சிறுபிள்ளை இருந்தால், அதன் தலையிலும் கைவைத்து ஆசீர்வதித்த பிறகே பதக்கத்தைக் கொடுக்கிறேன்.