வெண்மை கெடாமல் படம் பிடித்தல்

தில்லியில் வாழும் எங்கள் போன்ற குடும்பத்தார்க்குப் புகைப்படம் வெறும் பொழுதுபோக்கன்று. ஊரிலிருந்து முதியோர் வருவது அரிது. வந்தவர் மீண்டும் வருவாரென்பது உறுதியில்லை. ஆகவே படத்தின் ஒளியளவைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

டிஜிட்டல் காமிராவின் திரையில் குன்றுபோன்ற ஒரு சிறு வரைபடத்தைக் காணலாம். ஹிஸ்டோகிராம் என்பர். இடக்கோடி முழு இருள், அதன் எண் 0. வலக்கோடி முழு வெண்மை, அதன் எண் 255. ஒவ்வோர் ஒளிநிலையிலும் படத்தின் புள்ளிகள் எத்துணை உள்ளன என்பதைக் குன்றின் உயரம் காட்டும். குன்று வலக்கோடியில் முட்டி நின்றால், வெண்மையில் நுட்பங்கள் அழிந்தன என்று பொருள். அவற்றைப் பின்னர் மீட்பது பெரும்பாலும் இயலாது. இருளில் புதைந்தவற்றையோ, சற்று மாசு படிந்தாலும், ஓரளவு வெளிக்கொணரலாம்.

திரையிலே படம் நன்றாகத்தானே தெரிகிறது என்பீர்கள். மே மாத வெயிலில் அத்திரை மங்கும். இரவில் அதுவே பளிச்சிடும். வரைபடம் அவ்வாறு மாறுவதில்லை.

குன்று நடுவில்தான் இருத்தல் வேண்டும் என்பாரை நாங்கள் ஏற்பதில்லை. காமிராவின் ஒளிமானி, காண்பதனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொள்ளும் இயல்புடையது. ரோதாங் கணவாயில் பனிமீது மாமியாரை நிறுத்தி எடுத்தால், பனி சாம்பலாகும். அவர் முகமும் கறுக்கும். அங்கே ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் ஒளி கூட்டி, குன்றை வலக்கோடியைத் தொடாத மட்டும் நகர்த்துதல் தகும்.

இருண்ட மண்டபத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. எங்கள் இல்லத் திருமணமொன்றில், கூலிக்கு அமர்த்திய படக்காரர் ஒளிமானியை அப்படியே நம்பிவிட்டார். கரிய பின்னணிக்காக அது ஒளியைக் கூட்ட, பாட்டனாரின் வேட்டியும் அங்கவஸ்திரமும் சுண்ணாம்புச் சுவராய் வெளுத்தன. ஜரிகை இல்லை, மடிப்பு இல்லை, நெற்றித் திருநீறு நெற்றியோடு கரைந்துவிட்டது. அவ்வாண்டே அவர் காலமானார். அவருடைய கடைசிப் படம் அதுவே. இத்தகைய மண்டபத்தில் குன்று இடப்புறம் கிடக்கட்டும். குத்துவிளக்கின் சுடர் மட்டும் வலக்கோடியைத் தொட்டாலும் கேடில்லை.

சிவப்புப் பட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பொது வரைபடம் ஒழுங்காயிருக்கையிலேயே சிவப்பு மட்டும் முட்டியிருக்கும். புடவையின் நெசவு மறைந்து சாயம் பூசியதுபோல் தோன்றும். மூவண்ணங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். முட்டியிருந்தால் ஒளியைக் குறைத்து, அம்மையார் நாற்காலியை விட்டு எழுமுன் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள்.