ஹெரால்டுக்குப் பகல் விளக்கு

குன்றத்தூர் – பல்லாவரம் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. நான் போன நேரம் உள்ளே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பானெட்டைத் திறந்து நின்றது. ஹெரால்டின் பானெட் மற்ற கார்களுடையதைப் போலத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாயும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். பட்டறை மாஸ்டர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு ஹெரால்டு வேற்றூர் வண்டி இல்லை. வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி நடத்திய தொழிற்சாலையில் உருவானது. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த வடிவம். இந்தியாவில் 1961-இல் வந்தது. நான்கு கதவு ஹெரால்டு என்று ஒன்று உலகத்திலேயே இங்கு மட்டும்தான் தயாரானது. 1980-களின் இறுதியில் கார் உற்பத்தி நின்றுபோய், அந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. பட்டறையில் நின்றது அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த இரண்டு கதவு வண்டி.

உரிமையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பழகியவர். "வண்டி சாம்பல் கலரு, உயரமும் கம்மி. பனியில ரோட்டோட ரோடா கலந்துடுது. லாரிக்காரங்க மேல தப்பு சொல்ல முடியாது சார்" என்றார். அதற்காகத்தான் பகல் விளக்கு.

இந்த விளக்கு நாம் பார்ப்பதற்கு இல்லை, மற்றவர் நம்மைப் பார்ப்பதற்கு. இருட்டு அதிகமான ஸ்வீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கு எரியவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஐரோப்பாவில் புதிய கார் மாடல்களுக்கு 2011 பிப்ரவரி முதல் இது கட்டாயம். நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய பைக்குகளின் ஹெட்லைட் தானாக எரிகிறதே, அதற்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் ஹெட்லைட்டையே போட்டுக்கொண்டு ஓட்டலாமே என்று கேட்டேன். மாஸ்டர் டைனமோவைத் தட்டிக் காட்டினார். "இது ஆல்டர்னேட்டர் இல்ல சார். நல்லா ஓடினா இருபது ஆம்ப்ஸ் குடுக்கும். சிக்னல்ல நின்னா ஒண்ணும் குடுக்காது." ஹெட்லைட் ஒவ்வொன்றும் 45 வாட். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கையும் சேர்த்தால் நூறு வாட்டைத் தாண்டும், அதாவது ஒன்பது ஆம்ப்ஸ் வரை. குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கூட்டம் வரும் கிருத்திகை நாளில் நெரிசலில் மாட்டினால் பேட்டரி கதை முடிந்தது. ஒரு ஜோடி எல்.இ.டி. பகல் விளக்குக்கு ஒரு ஆம்ப்ஸ் அளவு போதும்.

ஆனால் எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றைப் போல இந்த ஹெரால்டும் பாசிடிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. மாஸ்டர் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாடியிலும் சிவப்பு முனையைப் பச்சை வயரிலும் வைத்தார். எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தது. உதவிக்கு நின்ற பையனைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ. இதைப் பாக்காம மாட்டினா புது லைட்டு செத்துடும்" என்றார்.

பச்சை வயர் சாவி போட்டால்தான் உயிர் பெறும். சிவப்பு, பார்க்கிங் லைட்டுக்கு. லூகாஸ் கம்பெனி வகுத்த இந்த நிற ஒழுங்கு மாஸ்டருக்கு மனப்பாடம். சென்னையின் பாடி என்ற இடத்தில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியதும் 1961-தான். அந்தத் தலைமுறை எலக்ட்ரீஷியன்களுக்கு வயரின் நிறமே வரைபடம்.

ஐந்து முனை ரிலே ஒன்றை எடுத்தார். பச்சை வயரிலிருந்து தனி பியூஸ் வழியாக 30-ஆம் முனைக்கு இணைப்பு, 87ஏ முனையிலிருந்து விளக்குக்கு. சிவப்பு வயர் ரிலேயின் சுருளுக்கு. பார்க்கிங் லைட்டைப் போட்டதும் ரிலே "டிக்" என்று மாறிப் பகல் விளக்கு அணையும். பாசிடிவ் எர்த் என்பதால் விளக்கின் கறுப்பு வயர் ரிலேக்கும் சிவப்பு வயர் பாடிக்கும் போனது. விளக்கின் உலோகக் கூடு உள்ளுக்குள் மைனஸோடு இணைந்திருந்ததால், அது பாடியில் பட்டால் ஷார்ட். அதனால் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் நைலான் வாஷர், நடுவில் ஸ்லீவ்.

எங்கும் டிரில் போடவில்லை. பம்பரின் பழைய போல்ட்டிலேயே ஒரு எல்-பட்டையைச் சேர்த்து அதில் விளக்கை நிறுத்தினார். டேப் வைத்துப் பார்த்தார்: தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்கு மேல், இரண்டுக்கும் இடையில் 600-க்குக் குறையாமல். சர்வதேச விதியும் இதையே சொல்கிறது. இணைப்புகளுக்குப் பழைய வண்டியில் வரும் புல்லட் கனெக்டர், மேலே துணி டேப். பானெட் கீலின் பக்கம் வயரைக் கொஞ்சம் தளர்த்தி வளைத்துவிட்டு, பானெட்டைப் பலமுறை சாய்த்து நிமிர்த்தி, வயர் எங்கும் இழுபடவில்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கட்டினார்.

ஒரு கீறலும் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. ஐம்பது வயது கடந்து மூல வடிவில் இருக்கும் வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிந்து 'வி.ஏ.' எண் தரும் விதி 2021-இல் வந்தது. உரிமையாளர் அதற்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். ஒரு ஸ்பேனரால் கழற்றிவிடக்கூடிய விளக்கு மூல வடிவத்தைக் கெடுக்காது என்றே நான் நினைக்கிறேன். ஓட்டுபவரின் உயிருக்காகச் சேர்ப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீலமாக மின்னும், கண்ணைக் கூசவைக்கும் பட்டை விளக்குகள் வேறு சங்கதி. அவற்றைக் கேட்டு வருபவர்களை மாஸ்டர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

வேலை முடிந்ததும் பையன் ஒரு நோட்டுத் தாளில் எந்த வயர் எங்கே போகிறது என்று வரைந்தான். ரிலே முனை எண்களில் ஒன்று தவறியிருந்ததை மாஸ்டர் திருத்தினார். மேலே பெரிய எழுத்தில் 'பாசிடிவ் எர்த்' என்று எழுதவைத்து உரிமையாளரிடம் கொடுத்தார். "டேஷ்போர்டுலயே வெச்சிருங்க சார். நாளைக்கு வேற யாராவது கை வெச்சாலும் தெரியணும்."