சீப்புக்கு அடங்காத சுழி

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் ஆர்ப்பாட்டம் ஓய்ந்தபின், கருமணலின் ஓரத்திலே அலை இழைத்துச் செல்லும் செந்நிறக் கீற்றை மிதித்துப் போகிறவர் பலர். குனிந்து நோக்குகிறவர் அபூர்வம். 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் இங்கே கண்டறிந்த மோனசைட் என்னும் கனிமத்துக்கே புகழெல்லாம் போய்விட, தேய்க்கவும் மெருகிடவும் மட்டுமே லாயக்கு என்று ஒதுக்கப்பட்ட இந்தச் செந்நிறக் கார்னெட்டின்மேல் எனக்கொரு பட்சபாதம் உண்டு. மணலாலையின் காந்தங்களுக்கு முன்னே, அதே மணலில் கலந்திருக்கும் இல்மனைட் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். சிர்க்கான் திரும்பியும் பாராது. கார்னெட்டோ அரைமனத்தோடு அசையும்.

இந்த அரைமனக் கல்லின் படிகக் கட்டுக்கோப்பை வைத்துக்கொண்டு, உள்ளே இட்ரியத்தையும் இரும்பையும் குடியேற்றி, மின்சாரத்தைக் கடத்தாத ஒரு காந்தத்தை 1956-இல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பெர்த்தோவும் ஃபோராவும் சமைத்தார்கள். அதன்மேல் பிளாட்டினப் பட்டைகளை இட்டு, நடுவே ஓர் எலக்ட்ரானும் ஓடாமல், அவற்றின் தற்சுழற்சியில் எழுந்த அலையினாலேயே ஒரு மில்லிமீட்டர் தூரம் சமிக்ஞை அனுப்பி 2010-இல் ஜப்பானியர் காட்டினார்கள். ஆனால் அலைக்கு ஆயுள் குறைவு. போகப் போகத் தேய்ந்துவிடும். தேயாத தூதன் வேண்டுமாயின் சுழியை நாடவேண்டும் என்கிறார்கள்.

என் தம்பிக்கு உச்சியில் இரட்டைச் சுழி. பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் அம்மை அவனை முழங்காலிடையே இறுக்கி, தேங்காயெண்ணெயை வழிய வழிய வார்த்து, மரச்சீப்பால் இடமும் வலமும் இழுத்து வாருவாள். மயிர் பணியும்; சுழி நகரும்; ஒழியாது. “இது ஒனக்க தாத்தாவுக்க சுழியாக்கும், சீப்புக்கு அடங்காது” என்று அலுத்துக்கொள்வாள். ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்ற ஊர்ப்பேச்சு அவளை உள்ளூர அரித்தது என்பது என் ஊகம்; தம்பி ஒன்றோடே திருப்தியடைந்துவிட்டான்.

காந்தத்தினுள்ளும் இதே பிடிவாதம். நடுவில் அணுக்காந்தங்கள் கீழ்நோக்க, விளிம்பில் மேல்நோக்க, இடையில் உள்ளவை படிப்படியாகத் திரும்பி நிற்கும் அமைப்பை ஸ்கிர்மியான் என்கிறார்கள். அக்கம்பக்கத்தை மெல்லத் திருத்தி அதை அழிக்க முடியாது; ஆகவே ஒரு முனையில் புகுத்திய சுழிகளின் கணக்கு மறுமுனைவரை பெரும்பாலும் சிதையாமல் போய்ச்சேரும் என்பது சித்தாந்தம். பெரும்பாலும் என்றதற்குக் காரணம், படிகம் தனித்தனி அணுக்களால் ஆனதால், சுழி சுருங்கி இடைவெளியில் விழுந்து மறைவதும் உண்டு. மின்சாரம் கடத்தாத காந்தமொன்றில், தாமிரமும் செலினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த படிகத்தில், இவற்றை 2012-இல் கண்டார்கள்.

ஸ்கிர்மியான் என்ற பெயருக்கு உரியவர் ஆங்கிலப் பௌதிகர் டோனி ஸ்கிர்ம். அவருடைய கொள்ளுத்தாத்தா எட்வர்ட் ராபர்ட்ஸ், கடலின் ஏற்றவற்றத்தைக் கணிக்கும் சக்கர இயந்திரங்களை வகுத்தவர். குடும்ப வீட்டில் இருந்த அத்தகைய இயந்திரமொன்றைக் கொள்ளுப்பேரர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ராபர்ட்ஸ் 1879-இல் வகுத்துக்கொடுத்த ஓர் இயந்திரம், லண்டனில் இருந்துகொண்டே நம் இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தைக் கணித்தது.