ஒரு லேஅவுட்டும் ரெண்டு ஸ்கேலும்

பொட்டி தட்டுறவனுக்கு எல்லாப் பொட்டியும் தெரியும்னு நம்ம சொந்தக்காரங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. பிரிண்டர் ஓடலையா, டிவியில படம் வரலையா, கூப்பிடு அவனை! அந்த நினைப்பு எனக்கும் இருந்ததுதான் வினை. அதுக்காக நான் வாங்கின பல்புதான் இந்தப் பதிவு. (சிரிக்கிறவங்க சத்தமில்லாம சிரிங்க.)

எங்க சித்தப்பா திருச்சியில வீட்டு பிளான் போடுறவர். ஐ.டி.ஐ.யில ட்ராஃப்ட்ஸ்மேன் சிவில் படிச்சவர். ரொம்ப வருஷம் பலகை, டீ ஸ்கொயர், இங்க் பேனான்னு வாழ்ந்துட்டு, நாப்பது வயசுக்கு மேல ஆட்டோகேட் கத்துக்கிட்டார். ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தப்போ, "டேய், இதைக் கொஞ்சம் அனுப்பி விடுடா, நான் சைட்டுக்குப் போகணும்"னு ஒரு வேலையைக் கொடுத்தார்.

வேலை இதுதான். ஒரு வீட்டுக்கு ஆறு வென்டிலேட்டர். கம்பிக்குப் பதிலா, இரும்பு ஷீட்ல பூ டிசைன் வெட்டின ஜாலி. வெட்டுறது சிஎன்சி பட்டறை. அந்த மிஷினுக்கு நீங்க படத்துல என்ன எழுதியிருக்கீங்கன்னு கவலையே கிடையாது. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு வெட்டும். பட்டறைக்காரர் வச்சிருந்த சாஃப்ட்வேர்ல லேஅவுட் தெரியாது, மாடல் மட்டும்தான் தெரியும். முழு ஃபைலை அனுப்பலாம்னா, அதுல வீட்டுக்காரர் வேண்டாம்னு சொன்ன மூணு பழைய டிசைனும் கிடக்கு. ஓக்கே ஆன டிசைன் லேஅவுட்ல மட்டும்தான் தனியா இருக்கு.

ஆட்டோகேட் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மாடல் ஸ்பேஸ்னா நிஜ அளவு. ஒன்பது இஞ்ச் சுவரை 230 மி.மீ.ன்னே வரைவாங்க. லேஅவுட்னா அச்சடிக்கிற தாள். அந்தத் தாள்ல வியூபோர்ட்னு ஜன்னல்கள் வச்சு, அது வழியா நிஜ வீட்டைச் சின்னதாப் பார்க்குறோம். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி ஸ்கேல். 1990-ல ரிலீஸ் 11-ல இந்த பேப்பர் ஸ்பேஸ் வந்த நாள்ல இருந்தே அடிப்படை இதுதான். சித்தப்பாவோட தாள்ல பிளான் 1:50, ஜாலி 1:25.

நான் லேஅவுட் டேப்ல ரைட் கிளிக் பண்ணேன். 'எக்ஸ்போர்ட் லேஅவுட் டு மாடல்'னு ஒரு வரி இருந்துச்சு. தட்டினேன். தாள்ல தெரிஞ்சதெல்லாம் ஒரு புது ஃபைலோட மாடல் ஸ்பேஸ்ல வந்து உக்காந்துடுச்சு. பழைய ஃபைல் அப்படியே இருக்கு. அடடா, இவ்வளவுதானா!

திறந்து அளந்தா சுவர் 4.6 மி.மீ. காட்டுது. ஒரு நிமிஷம் முழிச்சிட்டு, 'ஓ, தாள்ல இருக்கிற அளவுல வந்திருக்கு'ன்னு புரிஞ்சது. 1:50 தானே, மொத்தத்தையும் செலக்ட் பண்ணி 50 மடங்கு ஸ்கேல் பண்ணேன். திரும்ப அளந்தேன். 230. சுவர் கரெக்ட், கதவு கரெக்ட். பெருமையா மெயில் அனுப்பிட்டு பில்டர் காபி குடிக்கப் போயிட்டேன்.

உங்கள்ல பாதிப் பேருக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். ஜாலி 1:25-ல இருந்துச்சு. 600-க்கு 450 ஜாலி தாள்ல 24-க்கு 18. அதை 50-ஆல பெருக்கினா 1200-க்கு 900. அதாவது நாலடிக்கு மூணடி. பத்து மடங்கு பெருசா இருந்தா எவனுக்கும் சந்தேகம் வரும். நாலடிக்கு மூணடி சாதாரண ஜன்னல் சைஸ். யாருக்கு சந்தேகம் வரும்?

சாயங்காலம் பட்டறைக்காரர் சித்தப்பாவுக்கு போன் போட்டார். "அண்ணே, ஒரு ஷீட்டு போதும்னீங்க. ரெண்டு வெட்டினதுமே ஷீட்டு முடிஞ்சு போச்சே? இன்னும் ரெண்டு ஷீட்டு ஆகும் போல?"

எட்டடிக்கு நாலடி ஷீட்ல ஆறு ஜாலியும் அடங்கணும். நல்லவேளை, ஷீட் தீர்ந்துச்சு. இல்லேன்னா ஆறையும் வெட்டியிருப்பார்.

சித்தப்பா கத்தலை. மேஜை டிராயர்ல இருந்து பழைய முக்கோண ஸ்கேலை எடுத்து என் கையில கொடுத்தார். "இதுல ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு அளவு. விளிம்பைத் திருப்பி வச்சு அளந்தா வீடே மாறிடும்டா. அதுக்குத்தான் ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ஸ்கேல் எழுதுறோம். படிச்சியா?"

படிக்கலை. நான் அனுப்பின ஃபைல்லயே ஜாலிக்குக் கீழ 1:25-னு எழுத்து அப்படியே இருந்துச்சு. முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங்ல பிளெயின் ஸ்கேல், டயகனல் ஸ்கேல் எல்லாம் போட்டுப் பாஸ் பண்ணவன்தான் நான்.

சாஃப்ட்வேர் மேல தப்பே இல்லை. தாள்ல எப்படித் தெரியுதோ அப்படியே எடுத்துக் கொடுக்கிறதுதான் அந்தக் கமாண்டோட வேலை. ஜன்னல்கள் மறைஞ்சு எல்லாம் ஒரே தளத்துக்கு வந்துடும். அதுக்கப்புறம் எந்தக் கோடு எந்த ஸ்கேல்னு ஃபைலுக்குத் தெரியாது, அனுப்புறவனுக்குத்தான் தெரியணும். எனக்கும் தெரியலை. ஆபீஸ்ல ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் ஓட்டிட்டு 'வேலை முடிஞ்சது'ன்னு சொல்ற பசங்களை நான்தான் திட்டுவேன். இங்கே சுவரை அளந்துட்டு ஜாலியை அனுப்பியிருக்கேன்.

இதே வேலை உங்களுக்கு வந்தா: வெட்டுறதுக்குன்னா லேஅவுட் பக்கமே போகாதீங்க. மாடல் ஸ்பேஸ்ல அந்த ஜாலியை மட்டும் செலக்ட் பண்ணி டபிள்யூபிளாக் போட்டா, நிஜ அளவுல தனி ஃபைல் கிடைக்கும். பார்க்கிறதுக்கு மட்டும்னா பிடிஎஃப் போதும். லேஅவுட்டைத்தான் எக்ஸ்போர்ட் பண்ணணும்னா, ஒவ்வொரு வியூபோர்ட்ல இருந்து வந்ததையும் அதுஅது ஸ்கேலுக்குத் தனித்தனியா பெருக்கி, ஒவ்வொண்ணுலயும் ஒரு அளவு சரிபாருங்க. இன்னொண்ணு, புது ஃபைலுக்கும் பழசுக்கும் அப்புறம் எந்தத் தொடர்பும் கிடையாது. அங்கே திருத்தினா இங்கே மாறாது.

ஷீட் காசையும் வெட்டுக்கூலியையும் சித்தப்பாவே கொடுத்தார். நான் நீட்டினதை வாங்கலை. வீட்டுக்காரர் கணக்குலயும் ஏத்தலை. அதைக்கூட மறந்துடுவேன். பத்து வருஷமா சித்தப்பா அனுப்புற படத்தை அளந்து பார்க்காமலே வெட்டினவர் அந்தப் பட்டறைக்காரர். இப்போ ஒவ்வொரு தடவையும் போன் போட்டு, "அண்ணே, அளவு சரிதானே?"ன்னு கேட்கிறாராம். சித்தப்பா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

டிஸ்கி: அந்த ரெண்டு பெரிய ஜாலியும் சித்தி வீட்டு மொட்டை மாடியில இருக்கு. முல்லைக்கொடி ஏத்தி விட்டிருக்காங்க. ஊருக்குப் போனா சித்தி முதல்ல அங்கேதான் கூட்டிட்டுப் போறாங்க!