முன்னே செல்லும் மகளிர்

பாரிஸ் மாநகருக்கு வடக்கே உள்ள பழம்பெரும் நகரம் போவே. ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில், இடைக்கால உடையணிந்த மக்கள் அங்கே வீதிவலம் வருகின்றனர். அவ்விழாவின் நாயகி ழான் லெனே என்னும் எளிய குடிமகள்.

1472ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று பர்கண்டி கோமகன் சார்லஸின் பெரும்படை போவே நகரின் மதிலைத் தாக்கியது. ஆடவர் போரிட, பெண்டிர் கற்களைச் சுமந்து கொடுத்தனர். நகரின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் புனித அங்காத்ரேம் அம்மையாரின் திருப்பேழையை அவர்களே மதில்மேல் எழுந்தருளச் செய்தனர் என்பது மரபு. பகைவன் ஒருவன் மதிலேறிக் கொடி நாட்ட முற்பட்டபோது, ழான் அவனை வீழ்த்திக் கொடியைப் பறித்தாள். கையில் சிறு கோடரி ஏந்தியிருந்தாள் என்பதால் ‘அஷெத்’ என்னும் பட்டப்பெயர் அவளுக்கு வழங்கலாயிற்று. ஜூலை மாதம் பகைவர் முற்றுகையைக் கைவிட்டு அகன்றனர்.

மன்னர் பதினோராம் லூயி, ழானுக்கும் அவள் கணவனுக்கும் வரிவிலக்கு அளித்தார். அத்துடன் அமையவில்லை. அம்மையாரின் திருநாள் ஊர்வலத்தில் பெண்களே ஆடவருக்கு முன்னே செல்லவேண்டும், காணிக்கையையும் அவர்களே முதலில் செலுத்தவேண்டும் என்று 1473இல் ஆணையிட்டார்.

வரிவிலக்கு ஒரு குடும்பத்திற்கு உரியது. சந்நிதியில் கிடைத்த முதன்மையோ ஊரிலுள்ள பெண்கள் அனைவருக்கும் உரியது. கொடியைப் பறித்தவளின் பெயரை வரலாறு அறியும். கல் சுமந்தவர்களின் பெயரை அறிந்தவர் இல்லை. ஆயினும் ஊர்வலத்தின் முன்வரிசை அவர்களுக்கும் உரியதே.