கடைசியாகச் சாப்பிடும் பிள்ளை



குருத்துவப் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட ஒருவன், தான் செய்த தவறொன்றைத் தானே எழுதி அச்சில் கொண்டுவருவது வழக்கமன்று. எனினும் எழுதுகிறேன். நான் செய்த தவறு என்னோடு முடிந்துவிடவில்லை. அது உங்கள் இல்லத்திலும், உங்களை அறியாமலே, நாள்தோறும் நடந்துகொண்டிருக்கலாம்.

2016ஆம் ஆண்டுத் தவக்காலம். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் அப்போது பங்குத்தந்தையாக இருந்தேன். வானம் பார்த்த பூமி. ஆண்களுள் பலர் கொத்து வேலைக்குக் கேரளத்திற்குச் சென்றுவிடுவர். பெண்கள் திண்ணையில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுவர். பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட வேண்டும் என்பதே அவ்வூர்த் தாய்மார்களின் ஒரே கனவு.

அவ்வாண்டு ஞானோபதேச வகுப்பில் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். முந்தைய ஆண்டுவரை முதலிடம் பெற்றவள். ஆனால் அந்த ஆண்டு வகுப்பில் அமர்ந்தபடியே உறங்கினாள். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும், எழுந்து நிற்கச் சோம்பியவள்போல் இருந்தாள். ஒருநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அவளைக் கடிந்துகொண்டேன். அவள் தலை கவிழ்ந்து நின்றாளே தவிர, ஒரு சொல்லும் பேசவில்லை.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று மறையுரையில் ஒருசந்தியைப் பற்றிப் பேசினேன். "பெரியவர்களே தட்டிக்கழிக்கும் இக்காலத்தில், நம் பங்கின் சிறு பிள்ளைகள் சிலர் ஒருசந்தி இருக்கிறார்கள்" என்று பாராட்டினேன். கடிந்துகொண்டதற்குப் பரிகாரம் தேடினாளோ, பாராட்டைப் பெற விரும்பினாளோ, அந்தப் பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கி இரவுவரை எதுவும் உண்ணாதிருக்கத் தலைப்பட்டாள். என் காதுக்கும் அச்செய்தி எட்டியது. நான் மகிழ்ந்தேன். அதுதான் நான் செய்த தவறு.

நான்காம் வெள்ளியன்று மாலை சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது அவள் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். பெண்களில் சிலர், "சாமி, மந்திரிச்சு விடுங்க, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கும்" என்றார்கள். நானும் தலையில் கைவைத்துச் செபித்தேன். பின்பு அவளை ஆட்டோவில் ஏற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச்சென்றோம்.

அங்கிருந்த பெண் மருத்துவர் அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்திருந்தது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தார். ஹீமோகுளோபின் 7.2. இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு, 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமாவது இருக்கவேண்டும் என்றும், 8க்குக் கீழே போனால் அது கடுமையான இரத்த சோகை என்றும் விளக்கினார். அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஃபாதர், வகுப்பில் இந்தப் பிள்ளை தூங்கியதை யாருமே கவனிக்கவில்லையா?"

நான் கவனித்திருந்தேன். சோம்பல் என்று தீர்ப்பும் வழங்கியிருந்தேன்.

மறுவாரம் அவர்கள் வீட்டிற்குச் சென்று அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "நீங்க என்ன சாமி செய்வீங்க! அவ எப்பவுமே கொஞ்சமாத்தான் சாப்பிடுவா. கேட்டா பசியில்லைம்பா. பொம்பளப் பிள்ளைதானேன்னு நானும் விட்டுட்டேன்" என்றார். பேசப் பேச உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். ஆகவே அவளுக்குக் காலையுணவு என்பது ஒரு குவளைக் கடுங்காப்பியும் இரண்டு ரஸ்க்கும்தான். இரவில் தம்பி முதலில் உண்பான். தந்தை ஊரில் இருந்தால் அவரும் உண்பார். மீன் துண்டும் முட்டையும் அவர்களுக்கே. தாயும் மகளும் சட்டியில் எஞ்சியதைப் பகிர்ந்துகொள்வர். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை, குமட்டுகிறது என்று ஜன்னல் வழியே எறிந்திருக்கிறாள். மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள்வரை நீடித்ததையோ தாயிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசியில் அந்தத் தாயையும் வற்புறுத்திச் சோதிக்கச் செய்தோம். அவருக்கும் 8.6தான் இருந்தது.

பெற்றோரே, இது ஒரு வீட்டின் கதையன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்த சோகை. அதே வயது ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கு. குமரப் பருவத்தில் உயரமும் எடையும் விரைந்து கூடுகின்றன. அதற்கேற்ப இரத்தமும் பெருக வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளைகளோ மாதந்தோறும் இரத்தத்தை இழக்கவும் செய்கிறார்கள். வரவு குறைந்து செலவு மிகுந்தால் எந்தக் குடும்பம்தான் கடன்படாது? உடலும் அப்படியே. அக்கடன் முதலில் களைப்பாகவும், கவனக்குறைவாகவும், மதிப்பெண் சரிவாகவும் வெளிப்படுகிறது. நாமோ அதற்குச் சோம்பல் என்றும், திமிர் என்றும், காதல் என்றும் பெயர் சூட்டுகிறோம்.

ஆகவே உங்கள் பிள்ளையைத் திட்டுமுன் உற்றுப் பாருங்கள். கீழிமையின் உட்புறமும் நாக்கும் நகங்களும் வெளுத்திருக்கின்றனவா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அடிக்கடி தலைவலி, தலைச்சுற்றல் என்கிறாளா? பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி ஆகியவற்றை மறைவாகத் தின்கிறாளா? இவற்றுள் எது இருந்தாலும் இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணமில்லை.

உணவைப் பொறுத்தவரை நம் அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. முருங்கைக்கீரை, கம்பு, பயறு வகைகள், எள், நெத்திலி, முட்டை, வாய்ப்புள்ளபோது ஈரல். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாக ஏற்கும். உணவோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கும். சாப்பாட்டிற்கும் அவற்றிற்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்.

பள்ளியில் கொடுக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். உணவுக்குப்பின் விழுங்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு அஞ்சவேண்டாம். அது இரும்பின் நிறமே. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளிகளில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தையே குடிக்கும். அது வெறுங்காலின் வழியே நுழைவதால், செருப்பில்லாமல் பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே இரத்த சோகை இருக்குமானால் வாரம் ஒரு மாத்திரை போதாது. மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் மாதங்கள் வரை, நலமாகிவிட்டதுபோல் தோன்றினாலும் நிறுத்தாமல் கொடுக்கவேண்டும்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். மாதவிலக்கைப் பற்றி மகளிடம் நீங்களே பேசுங்கள். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, அளவு மிகுதியாக இருந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச்செல்லுங்கள். இது வெட்கப்படவேண்டிய காரியமன்று. ஆண்டவர் உண்டாக்கிய உடலைப் பற்றித் தாயும் மகளும் பேசக்கூடாதென எந்தக் கட்டளையும் இல்லை.

இனி ஒருசந்தியைப் பற்றி, என் மறையுரையில் நான் சொல்லத் தவறியதை இப்போது சொல்கிறேன். திருச்சபைச் சட்டத்தின் 1252ஆம் பிரிவின்படி, சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களைக் கட்டுப்படுத்தும். ஒருசந்தியோ 18 வயது நிறைந்தவர்களையே, அதுவும் அறுபதாம் வயது தொடங்கும்வரை கட்டுப்படுத்தும். வயது வராதவர்களுக்குத் தவத்தின் உண்மைப் பொருளைக் கற்பிக்கும் கடமையை அச்சட்டம் ஆன்மகுருக்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே தந்திருக்கிறது. குருமடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். ஆனாலும் பீடத்தில் நின்றபோது, வளரும் பிள்ளையின் பசியைப் புண்ணியம் என்று புகழ்ந்துவிட்டேன்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை அந்த ஆண்டுக்குப்பின் நான் வேறு விதமாக வாசிக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண்ணும், யாயீரின் பன்னிரண்டு வயது மகளும் அங்கே அடுத்தடுத்து வருகின்றனர். யாருக்கும் சொல்லாமல் துன்பத்தை மறைத்து வந்த பெண்ணைக் கூட்டத்தின் நடுவே ஆண்டவர் தேடிக் கண்டார். இறந்த சிறுமியை எழுப்பினார். எழுப்பிய பின், பெற்றோர் வியப்பில் மூழ்கி நிற்கையில், அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பணித்தார். உயிரைத் திரும்பக் கொடுத்தவர், சோற்றைக் கொடுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே விட்டார்.

அந்தப் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். ஏழு மாத மருந்துக்கும் உணவுக்கும்பின் அவளுடைய ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டது. வகுப்பில் உறக்கம் போயிற்று. எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கம் வந்தது. எனக்கு அதுவே நல்ல அடையாளமாகப் பட்டது. அடுத்த தவக்காலத்தின் தொடக்கத்தில், "சாமி, இந்த வருசம் ஒருசந்தி இருக்கலாமா?" என்று வந்து கேட்டாள்.

"உனக்குப் பதினெட்டு ஆகட்டும் மகளே. அதுவரை, காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போ. தவக்காலத்திற்கு உன் கைப்பேசியை இரவு ஒன்பது மணிக்கு அம்மாவிடம் கொடுத்துவிடு, அந்தத் தவம் போதும்" என்றேன்.

"அது ஒருசந்தியைவிடக் கஷ்டம் சாமி" என்று சிரித்தாள்.

அவள் வீட்டில் இப்போது நால்வருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைக்கிறார்கள் என்று அவள் தாய் சொன்னார். மீன் துண்டு சிறிதானாலும் நான்காகப் பங்கிடப்படுகிறதாம்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று சற்றுப் பாருங்கள். குடும்பச் செபம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அதற்குச் செலவொன்றும் இல்லை.