உள்ளே போய் வந்தவரின் ஓட்டு

கடல் கடந்த மடல்
ஆர்லாண்டோ, புளோரிடா



கடைசிக் காலத்தில் கோவில்பட்டியில் இருந்தபோது வ.உ.சிதம்பரம் பிள்ளை தன் சட்டப் புத்தகங்களை விற்றுக் குடும்பம் நடத்தினார். சுதேசிக் கப்பல் விட்டவர், திருநெல்வேலிச் சீமையே திரும்பிப் பார்த்த வக்கீல். அவர் வீட்டு அலமாரி காலியானதற்கான காரணத்தைத் தேடிப் போனால் 1908 ஜூலை 7-க்குத்தான் போய்ச் சேர வேண்டும். அன்று நீதிபதி பின்ஹே அவருக்கு ராஜதுரோகத்துக்கு இருபது ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டு என்று தீவாந்திர தண்டனை எழுதினார். உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையில் கிடந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு நடந்ததைப் பள்ளிப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சொந்த ஜில்லாவுக்குத் திரும்பக் கூடாது என்று தடை. சென்னையில் மண்ணெண்ணெய் விற்றார். கோயம்புத்தூரில் வங்கி வேலை பார்த்தார். அது வயிற்றுக்குக் காணாமல், மறுபடியும் வக்கீல் தொழில் செய்ய அனுமதி கேட்டு மனுப் போட்டார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனின் கப்பலோடு மோதியவர் வெள்ளைக்கார நீதிபதியின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைக்கிறார் என்றால், அந்தச் சன்னது இல்லாமல் அவர் பட்ட பாடு எவ்வளவு இருந்திருக்க வேண்டும்! சன்னது வந்தும் பழைய வருமானம் வரவில்லை. கடனோடுதான் 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் கண்ணை மூடினார்.

கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கதையில் இன்னோர் இடமும் முக்கியம். அவர் சிறையில் வாடியதைக் கேள்விப்பட்டுத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் 347 ரூபாய் 12 அணா திரட்டினார்கள். அந்தப் பணம் காந்தியிடம் தங்கி, பல கடிதங்கள் போய்வந்த பிறகு வ.உ.சி.யிடம் சேர்ந்தது. இந்தக் கடிதங்களை ஆ.இரா.வேங்கடாசலபதி புத்தகமாகவே தொகுத்திருக்கிறார். சம்பளத்தில் பிடித்தம் போக மிஞ்சிய காசில், முகம் பார்க்காத ஒரு தண்டனைக் கைதிக்காகப் பணம் போட்ட அந்தத் தமிழர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு மனிதர். கறுப்பினத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். இளவயதில் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போய், தண்டனை முழுக்க அனுபவித்துவிட்டு வந்தவர். தேர்தல் வந்தால், முன்கூட்டியே ஓட்டுப் போடும் நூலகத்துக்குத் தன் மனைவியைக் காரில் கூட்டிப்போவார். மனைவி வரிசையில் நிற்பார். இவர் வண்டியிலேயே இருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது" என்றார்.

பாக்கி என்று அவர் சொன்னது பணத்தை. புளோரிடாவில் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றால் ஆயுசுக்கும் ஓட்டு இல்லை என்ற சட்டம் 1868 முதல் இருந்தது. அடிமை முறை ஒழிந்து, கறுப்பர்களுக்கு ஓட்டு வந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. யாரை நினைத்து எழுதினார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு அதை மாற்றினார்கள். அறுபது சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் அறுபத்து நான்குக்கு மேல் விழுந்தது. கொலை, பாலியல் குற்றங்கள் தவிர மற்றவற்றில் தண்டனை முடித்தவர்களுக்கு உரிமை தானாகத் திரும்ப வேண்டும் என்பது தீர்ப்பு. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் மீட், தானே சிறைக்குப் போய் வந்தவர். பிறகு சட்டம் படித்தவர்.

மறு வருடமே மாநிலச் சட்டமன்றம் ஒரு முடிச்சுப் போட்டது. தண்டனை முடிந்தது என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், நஷ்டஈடு எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லும் என்றது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே இடத்தில் பார்க்க அரசிடம் கணக்கு இல்லை. என் நண்பர் ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டால் ஒரு தொகை, வேறு மாவட்டத்தில் கேட்டால் இன்னொரு தொகை. தப்பாகக் கணக்குப் போட்டு ஓட்டுப் போட்டுவிட்டால் புது வழக்கே வரலாம். 2022 ஆகஸ்டில், உரிமை இல்லாமல் ஓட்டுப் போட்டார்கள் என்று இருபது பேரைக் கைது செய்தது புளோரிடா அரசு. வாக்காளர் அட்டை கைக்கு வந்ததால் உரிமை உண்டு என்று நம்பிப் போட்டோம் என்றார்கள் அவர்களில் பலர். அந்தச் செய்தி வந்த பிறகு என் நண்பர் நூலக வாசலுக்குக்கூட வருவதில்லை. இந்த நாட்டில் இப்படி ஓட்டு இழந்து நிற்பவர்கள் சுமார் 40 லட்சம் பேர். மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டு மாநிலங்களில் மட்டும் சிறைக்குள் இருக்கும்போதே ஓட்டுப் போடலாம். அங்கே வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். திருவேங்கடத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் பொழித் தகராறில் அரிவாளைத் தூக்கி, பாளையங்கோட்டை ஜெயிலில் சில வருடம் இருந்துவிட்டு வந்தார். அடுத்து வந்த தேர்தலில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் அப்பாவுக்கு முன்னால் அவர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். துவைத்த வேட்டி, நெற்றியில் திருநீறு. அலுவலர் வரிசை எண்ணைச் சத்தமாகப் படித்தார். ஏஜெண்டுகள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். விரலை நீட்டினார், குச்சியால் மை வைத்தார்கள், மறைப்புக்குள் போனார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் பாக்கி கேட்கவும் யாரும் இல்லை. "மாமா, போட்டாச்சா?" என்று வெளியே ஒரு பையன் கேட்டதற்கு மை விரலைத் தூக்கிக் காட்டினார்.

இதுதான் இந்தியச் சட்டம். சிறையில் இருக்கிற வரை ஓட்டு இல்லை. வெளியே வந்த அன்றே உண்டு. மனுப் போட வேண்டாம், கவர்னரிடம் போக வேண்டாம். தேர்தல் லஞ்சம், ஆள்மாறாட்டம் போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் ஆறு வருடம் ஓட்டுத் தடை உண்டு. நம் குடியரசு செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் சொல்வதே இல்லை.

தேர்தலில் நிற்பது வேறு கணக்கு. பெரும்பாலான குற்றங்களில் இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் பதவி போகும். விடுதலைக்குப் பிறகும் ஆறு வருடம் நிற்க முடியாது. பதவியில் இருப்பவர்களுக்கு இருந்த மூன்று மாத அவகாசத்தை 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. 2014 செப்டம்பர் 27-ல் ஜெயலலிதா முதல்வர் நாற்காலியை இழந்தது அதனால்தான். அந்த இரண்டு வருடக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வைகோ. 2009-ல் 'நான் குற்றம் சாட்டுகிறேன்' புத்தக வெளியீட்டு விழாவில் ஈழப் போர் பற்றிப் பேசியதற்காக 2019 ஜூலை 5-ல் சென்னையில் அவருக்கு ஒரு வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது. வ.உ.சி. மேல் போட்ட அதே ராஜதுரோகப் பிரிவு, 124-ஏ. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு வருடம்தான் என்பதால் வேட்புமனு ஏற்கப்பட்டு, அந்த மாதமே மாநிலங்களவைக்குப் போனார். இருவரும் எங்கள் கரிசல் சீமைக்காரர்கள், இருவரும் சட்டம் படித்தவர்கள். 1908-க்கும் 2019-க்கும் இடையே நாடு சுதந்திரம் அடைந்தது. அந்தப் பிரிவு மட்டும் அப்படியே இருந்தது. 2022 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வைகோவுக்கு நடந்ததை ஒரு சலுகையாக நான் பார்க்கவில்லை. பேச்சுக்காக ஒரு மனிதரின் குடிமை உரிமையில் கை வைப்பது வ.உ.சி. காலத்திலும் தப்பு, நம் காலத்திலும் தப்பு.

ஓட்டு விஷயத்தில் நம் சட்டம் வெளியே வந்தவரிடம் காட்டும் பெருந்தன்மை, உள்ளே இருப்பவரிடம் இல்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள். அவர்களும் ஓட்டுப் போட முடியாது. 1997-ல் உச்ச நீதிமன்றமும் இந்தத் தடை சரி என்றது. போலீஸ் ஆள்பலம் காணாது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கோ தபால் ஓட்டு உண்டு. ஆக, குண்டாஸில் மட்டும் உள்ளே இருப்பவர் ஓட்டுப் போடலாம்; சைக்கிள் திருட்டு வழக்கில் ஜாமீன் கொடுக்க ஆள் கிடைக்காமல் கிடப்பவர் போட முடியாது. அதே விசாரணைக் கைதி உள்ளே இருந்தபடி வேட்பாளராக நிற்கலாம். 2024-ல் காஷ்மீரின் பாராமுல்லாவில் பொறியாளர் ரஷீத் திகார் சிறையில் இருந்தே ஜெயித்தார். நிற்கலாம், ஜெயிக்கலாம், தனக்குத் தானே ஒரு ஓட்டுப் போட்டுக்கொள்ள மட்டும் முடியாது. இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும். ஓட்டுப்பெட்டியைச் சிறைக்கு எடுத்துப்போவது, முதியவர்களின் வீட்டு வாசலுக்கு அதைக் கொண்டுபோகும் தேர்தல் ஆணையத்துக்கு முடியாத காரியமா?

ஓட்டை விடவும் எனக்குக் கவலை தருவது பிழைப்பு. ஊரில் பிள்ளைகள் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுவதைப் பார்க்கிறோம். கோயில் கொடையில் நடந்த அடிதடியில் பத்துப் பெயரோடு பதினோராவது பெயராகச் சேர்க்கப்பட்ட பையன், வாய்தா வாய்தாவாக அலைந்து விடுதலையாகிவிடுவான். தீர்ப்பில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று ஒரு வரி இருந்தால் போதும், போலீஸ் தேர்வில் அவன் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான். தமிழ்நாட்டு விதி அப்படி. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் அதை ஏற்றுக்கொண்டது. விடுதலையானவனுக்கே இந்த நிலை என்றால் தண்டனை பெற்றவனை என்ன சொல்வது?

வக்கீல் தொழிலில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் புதிதாக வக்கீலாகப் பதிவு செய்வதற்கு உள்ள தடை, விடுதலையாகி இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும் என்கிறது வழக்கறிஞர் சட்டம். பெரும்பாலான சிறார் குற்றங்களில் தண்டனையின் தகுதியிழப்பு பிள்ளையைத் தொடரக் கூடாது என்கிறது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். மற்றவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. இங்கிலாந்தில் 1974 முதல் இருக்கிறது: சிறிய, நடுத்தரத் தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் அந்தத் தீர்ப்பு கழிந்துபோனதாகவே கருதப்படும், பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதன் எத்தனை வருடம் ஒழுங்காக இருந்தால் நாம் அவனை நம்புவோம் என்று சட்டம் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்டேஷனும் கம்பெனி மேனேஜரும் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வருடக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

குற்றவாளி என்ற முத்திரை என்ன செய்யும் என்று எங்கள் தென் ஜில்லாக்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டாம். 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கள்ளர், மறவர் உள்ளிட்ட சமூகங்களை எந்த விசாரணையும் இல்லாமல் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்தார்கள். ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. அந்தப் பட்டியலில் இருந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்கூட, உள்ளே போய் வந்தவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்க யோசிப்பதுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிறையில் இருப்பதால் மட்டும் வாக்காளர் பட்டியலில் இருந்து பெயர் போகாது என்று 2013-ல் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வீடு வீடாகச் சரிபார்க்க வரும்போது 'ஆள் இல்லை' என்று யாராவது சொல்லி, பெயர் நீங்கிவிடலாம். உங்கள் தெருவில் தண்டனை முடிந்து வந்தவர் யாராவது இருந்தால், அண்ணாச்சி, அக்கா, நீங்களே போய்ப் பட்டியலைப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் பூத் அலுவலரிடம் படிவம் 6 வாங்கி, நிரப்பிக் கொடுக்க உதவுங்கள். ஜெயிலில் இருந்தது அதற்குத் தடை இல்லை, கட்டணமும் இல்லை.